உடற்பயிற்சி உடலை என்ன செய்கிறது? மாணவர் சோதனை வடிவமைக்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். அறிவியல் கண்காட்சி நெருங்கினால் எங்கள் பிள்ளைகளும், அவர்களுடைய அம்மா அப்பாவும், பக்கத்து ஊர்ப் பள்ளிகளின் ஆசிரியர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் ஆகும் என்று உட்கார்ந்திருக்கிறேன். படி ஏறி இறங்கினால் நாடித்துடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்கும் இந்தச் சோதனைக்குச் செலவு கிடையாது. ஒரு படி, வினாடி முள் உள்ள ஒரு கடிகாரம், ஒரு நோட்டு இருந்தால் போதும். கெட்டுப்போனால் பெரும்பாலும் நாடி எண்ணிய இடத்தில்தான் கெட்டிருக்கும், அதனால் அந்தப் பகுதி மட்டும் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

'உடற்பயிற்சியின் விளைவுகள்' என்று தலைப்பு வைத்திருக்கிறோம். போதுமா?

போதாது. அது ஒரு பாடத்தின் பெயர். சோதனை என்றால் ஒரு கேள்வி வேண்டும், அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு எண்ணாக வர வேண்டும். 'மூன்று நிமிடம் படி ஏறி இறங்கினால் நாடித்துடிப்பு பழைய நிலைக்கு வர எத்தனை நிமிடம் ஆகும்?' இது கேள்வி. 'பயிற்சி முடிந்ததும் சும்மா உட்கார்ந்தால் சீக்கிரம் இறங்குமா, மெதுவாக நடந்துகொண்டே இருந்தால் சீக்கிரம் இறங்குமா?' இதுவும் கேள்வி. எனக்குப் பிடித்தது, நம்ம ஊர் வெக்கைக்குப் பொருத்தமானதும்கூட, இது: 'பயிற்சிக்குப் பிறகு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் நாடி சீக்கிரம் இறங்குமா?' இதற்கு விடை வகுப்பில் யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. விடை தெரிந்த கேள்வியை எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் தங்களை அறியாமலே அந்த விடையை நோக்கி எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

சாரா மாறி, சார்ந்த மாறி என்று புத்தகத்தில் இருக்கிறது. இதில் எது எது?

ஃபேன் சோதனையையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் மாற்றுவது ஃபேன், அது ஓடுகிறதா ஓடவில்லையா என்பது சாரா மாறி. நீங்கள் அளப்பது நாடி, அது சார்ந்த மாறி. மீதி எல்லாம், அதாவது படியின் உயரம், ஏறும் வேகம், ஏறும் நேரம், காலையா சாயங்காலமா, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, யார் எண்ணுகிறார்கள், எல்லாமே இரண்டு நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் வித்தியாசம் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கருதுகோளை எப்படி எழுதுவது?

கருதுகோள் என்றால் என்ன நடக்கும் என்ற உங்கள் முன்கணிப்பு. ஒரே வாக்கியம், காரணத்தோடு. 'ஃபேன் காற்றில் வியர்வை வேகமாக ஆவியாகும், உடம்பு சீக்கிரம் குளிரும், அதனால் தோலுக்கு அனுப்ப வேண்டிய ரத்தம் குறையும், ஆகவே நாடி சீக்கிரம் இறங்கும்.' தப்பாகப் போனால் போகட்டும். சோதனைக்கு முன்னாலேயே தேதி போட்டு எழுதியிருக்க வேண்டும், முடிவு வந்த பிறகு அதற்கு ஏற்ற மாதிரி எழுதினால் அதைக் கருதுகோள் என்று சொல்லக் கூடாது.

நாடியை எப்படிச் சரியாக எண்ணுவது?

மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக எலும்புக்கும் நரம்புபோலத் தட்டுப்படும் தசைநாணுக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அங்கே வையுங்கள். கட்டைவிரலை வைக்கவே கூடாது, அதிலேயே ஒரு துடிப்பு உண்டு, அடுத்தவர் நாடியை எண்ணுவதாக நினைத்து உங்கள் நாடியை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். அழுத்திப் பிடித்தால் ரத்த ஓட்டம் நின்று துடிப்பு காணாமல் போகும். முதலில் கொஞ்சம் அழுத்தி, அப்புறம் மெல்ல விட்டுக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் தெளிவாகத் தட்டும்.

சிலர் கழுத்தில் பார்ப்பார்கள். அங்கே துடிப்பு பலமாகத்தான் இருக்கும், ஆனால் கழுத்துத் தமனியை அழுத்தினால் அங்கிருக்கும் அழுத்த உணர்விகள் இதயத்தின் வேகத்தையே குறைத்துவிடும், தலை சுற்றவும் செய்யலாம். அளக்கப் போய் அளக்கிற பொருளையே மாற்றிவிடுகிறோம். பிள்ளைகள் சோதனைக்கு மணிக்கட்டே போதும்.

இப்போது எண்ணுகிற முறை. ஓய்வு நாடியை முழுதாக 60 வினாடி எண்ணுங்கள். பயிற்சி முடிந்த உடனே எண்ணும்போது 15 வினாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள், ஏனென்றால் நிறுத்தியதும் முதல் நிமிடத்திலேயே நாடி சரசரவென்று இறங்கும், ஒரு நிமிடம் முழுக்க எண்ணினால் இறங்கின பகுதியும் சேர்ந்து சராசரியாகிவிடும். 15 வினாடியில் ஒரு துடிப்பு தப்பினால் நிமிடக் கணக்கில் 4 தப்பும், அதையும் ஞாபகத்தில் வையுங்கள். கடிகாரத்தை ஒரு துடிப்பின்மேல் ஆரம்பித்தால் அந்தத் துடிப்பு 'ஒன்று' ஆகாது, அது 'பூஜ்யம்'. அடுத்து வருவதுதான் ஒன்று. இதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள்.

இரண்டு வருஷம் முன்னால் ஒன்பதாம் வகுப்பில் நடந்தது. ஒரே பிள்ளையின் இடது கையில் ஒருத்தி, வலது கையில் இன்னொருத்தி, ஒரே 15 வினாடி. ஒருத்தி 28 என்றாள், இன்னொருத்தி 34 என்றாள். பெருக்கினால் 112, 136. 'ஏட்டி, நீ சும்மா வேகமா எண்ணுத', 'இல்ல டீச்சர், எனக்கு நல்லா தட்டுச்சுல்லா' என்று இரண்டு பேருக்கும் சண்டை. திரும்ப எண்ணச் சொல்லி நானும் மூன்றாவதாகக் கழுத்துப் பக்கம் லேசாக விரல் வைத்துப் பார்த்தேன். 34 சொன்னவள் துடிப்பைக் கேட்டு எண்ணவில்லை, முதல் பத்துத் துடிப்புக்குப் பிறகு தன் மனசில் ஓடும் தாளத்துக்கு எண்ணிக்கொண்டே போனாள். வேண்டுமென்று செய்ததில்லை, எல்லோருக்கும் வரும் பழக்கம்தான் இது. அன்றைக்குச் சோதனையை நிறுத்திவிட்டோம். ஒரு வாரம் முழுக்க மத்தியானம் பத்து நிமிடம் நாடி எண்ணுவது மட்டும்தான் வேலை, இரண்டு பேர் இரண்டு கையில் எண்ணி ஒரு துடிப்புக்கு மேல் வித்தியாசம் வராத நிலை வந்த பிறகுதான் படியைத் தொட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள், அந்த ஒரு வாரத்துப் பட்டியலையும் ரெக்கார்டில் சேருங்கள், அதுவே சோதனையில் பாதி.

இன்னொன்று. 15 வினாடி எண்ணி 4-ஆல் பெருக்கினால் வருகிற எண் எப்போதும் 4-இன் மடங்காகத்தான் இருக்கும். 124 வரும், 128 வரும், 126 வரவே வராது. பட்டியலில் 126 என்று இருந்தால் எங்கேயோ பெருக்கல் தப்பு, இல்லையென்றால் யாரோ தோராயமாகப் போட்டிருக்கிறார்கள். நான் நோட்டைத் திறந்ததும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சித்த வைத்தியர் மூன்று விரல் வைத்து நாடி பார்க்கிறாரே, அதுவும் இதுவும் ஒன்றா?

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதால் நம்ம பிள்ளைகள் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. தொடும் இடம் அதே மணிக்கட்டுத்தான். சித்த மருத்துவத்தில் மூன்று விரலுக்கும் வாதம், பித்தம், கபம் என்று பிரித்து நாடியின் நடையைப் பார்க்கிறார்கள். நாம் பார்ப்பது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை என்ற எண்ணிக்கை மட்டும். உங்கள் தாத்தாவுக்கு நாடி பார்க்கத் தெரியும் என்றால் விரல் வைக்கும் பக்குவத்தை அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள், அந்தத் தொடு பழக்கம் நம்ம எண்ணிக்கைக்கும் உதவும்.

ஸ்மார்ட் வாட்ச், ஆக்சிமீட்டர் இருக்கிறது. அதை வைத்துச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கையால் எண்ணியதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு. இந்தக் கருவிகள் தோல் வழியாக ஒளியை அனுப்பி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பவை. கை ஆடினாலும், பட்டை தளர்ந்திருந்தாலும், நகத்தில் சாயம் இருந்தாலும் தப்பான எண் காட்டும். ஆக்சிமீட்டரில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு: பயிற்சிக்குப் பிறகு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறையும் என்று எதிர்பார்ப்பார்கள், அது பயிற்சிக்கு முன்னால் 98 சதவீதம் காட்டியதென்றால் பின்னாலும் 97, 98 என்றுதான் நிற்கும். ஆரோக்கியமான உடம்பு மூச்சையும் இதயத்தையும் வேகப்படுத்துவதே அந்த எண் விழாமல் இருக்கத்தான். இதைச் சோதனையில் காட்டினால் நல்ல முடிவுதான், 'ஒன்றும் மாறவில்லை' என்று தூக்கிப் போடாதீர்கள்.

எதுவுமே இல்லை என்றாலும் நிற்க வேண்டாம். ஒரு நூலில் கல்லைக் கட்டி, கட்டிய இடத்திலிருந்து கல்லின் நடு வரைக்கும் ஒரு மீட்டர் வைத்து ஆட்டினால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் சான்டோரியோ நாடி பார்க்க ஊசலைத்தான் பயன்படுத்தினார். வினாடி முள் எல்லாம் அப்போது ஏது.

எந்தப் பயிற்சி வைக்கலாம்? வ.உ.சி. மைதானத்தில் ஓடவிடலாமா, கபடி ஆடவிடலாமா?

ஓட்டம் வேண்டாம் என்பேன். ஓடச் சொன்னால் ஒருத்தன் பந்தயம்போல ஓடுவான், ஒருத்தி பேசிக்கொண்டே ஓடுவாள், செய்த வேலை ஆளுக்கு ஆள் வேறாகிவிடும். கபடி இன்னும் மோசம், ஒரு ரெய்டில் 30 வினாடி உயிரைக் கொடுத்து ஆடியவனும் ஓரமாகக் கைகோத்து நின்றவனும் ஒரே ஆட்டத்தில்தான் இருப்பார்கள். கபடியை இவ்வளவு நேசிக்கிற ஊரில் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனால் அளக்க வராது.

படி ஏறி இறங்குவதுதான் சரி. 30 செ.மீ. உயரமுள்ள ஒரு படியோ உறுதியான பலகையோ போதும், ஆடுகிற பெஞ்சு கூடாது. நிமிடத்துக்கு 24 முறை, 3 நிமிடம். ஒரு முறை என்பது நாலு அடி: ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு. அப்படியென்றால் நிமிடத்துக்கு 96 தட்டு. போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி இருக்கிறது, இலவசம்தான். எங்கள் வகுப்பில் நையாண்டி மேளக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான், அவன் டெஸ்க்கில் தட்டிய 96-ஐச் செயலியோடு வைத்துப் பார்த்தோம், மூன்று நிமிடத்தில் இரண்டு தட்டுகூட விலகவில்லை. அன்றையிலிருந்து அவன் தாளத்துக்குத்தான் எல்லோரும் ஏறினார்கள், செயலியைவிட அது கேட்கவும் நன்றாக இருந்தது.

1943-இல் வந்த ஹார்வர்டு படிச் சோதனையை இணையத்தில் பார்த்துவிட்டு அப்படியே செய்யாதீர்கள். அது 20 அங்குலப் படி, நிமிடத்துக்கு 30 முறை, 5 நிமிடம், வாட்டசாட்டமான இளைஞர்களை மனதில் வைத்து உருவாக்கியது. 13 வயதுப் பிள்ளைக்கு அது ஆகாது.

எல்லோரும் ஒரே படி, ஒரே வேகம். அப்போது எல்லோரும் ஒரே வேலைதானே செய்கிறார்கள்?

இல்லை. வேலை என்பது எடை, உயரம் இரண்டையும் பொறுத்தது. 40 கிலோ உள்ளவர் 30 செ.மீ. ஏறினால் 40 × 9.8 × 0.3, அதாவது சுமார் 118 ஜூல். 60 கிலோ உள்ளவருக்கு அதே படியில் 176 ஜூல். மூன்று நிமிடத்தில் 72 முறை ஏறினால் முதலாமவர் செய்தது சுமார் 8,500 ஜூல், அதாவது 2 கிலோ கலோரிதான். தசை செலவழிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் இப்படி வேலையாக மாறும், மீதி வெப்பம். வியர்ப்பது அதனால்தான். இயற்பியல் டீச்சரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், சந்தோஷப்படுவார்.

ஆகவே ஒரு ஆளை இன்னொரு ஆளோடு ஒப்பிடாதீர்கள். அதே ஆளை அவரோடேயே ஒப்பிடுங்கள், ஃபேன் உள்ள நாள், ஃபேன் இல்லாத நாள். எடை இரண்டு நாளும் அதே எடைதான், அந்தத் தொல்லையே போய்விடும்.

அப்படியென்றால் கட்டுப்பாட்டுக் குழு வேண்டாமா? எத்தனை பேர் வேண்டும்?

கட்டுப்பாட்டுக் குழு என்பது எதையும் மாற்றாமல் ஒப்பிட மட்டும் வைக்கும் குழு. இங்கே ஒவ்வொரு ஆளும் தனக்குத் தானே கட்டுப்பாடு. ஒன்று மட்டும் கவனியுங்கள்: எல்லோருக்கும் முதல் நாள் ஃபேன் இல்லாமலும் இரண்டாம் நாள் ஃபேனோடும் செய்தால் கெட்டது. முதல் நாள் பதற்றம் இருக்கும், எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள், நாடி கூடுதலாக இருக்கும். இரண்டாம் நாள் பழகிவிடும். அந்தக் குறைவையும் ஃபேன் கணக்கில் எழுதிவிடுவீர்கள். அதனால் பூவா தலையா போட்டுப் பாதிப் பேருக்கு முதலில் ஃபேன், பாதிப் பேருக்கு அப்புறம் ஃபேன் என்று பிரியுங்கள்.

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால் ஒரு பள்ளிச் சோதனைக்கு நல்லது. ஆறு பேர்தான் கிடைத்தார்கள் என்றால் ஒவ்வொருவரையும் மூன்று மூன்று தடவை செய்யச் சொல்லுங்கள், வெவ்வேறு நாளில். நாற்பது பேரை அவசரமாக ஒரே பீரியடில் அளப்பதைவிட ஆறு பேரை நிதானமாக அளப்பது எவ்வளவோ மேல்.

ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் ஒப்பிடலாமா?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஒப்பிடலாம், ஆனால் அது சோதனை ஆகாது, நீங்கள் எதையும் மாற்றவில்லை. வித்தியாசம் வந்தாலும் அது எதனால்? உயரமா, எடையா, சாயங்காலம் தெருவில் விளையாடும் பழக்கமா, ரத்தசோகையா? சாயங்காலம் ஒருத்தனுக்குக் கிரிக்கெட், அவன் அக்காவுக்கு அம்மாவோடு முறம் மடியில் வைத்து பீடி சுற்றும் வேலை என்றால், நீங்கள் அளப்பது ஆண் பெண் வித்தியாசத்தையா அந்த இரண்டு சாயங்காலங்களின் வித்தியாசத்தையா? இதை யோசிக்காமல் 'பெண்களுக்கு உடல்திறன் குறைவு' என்று சார்ட்டில் எழுதியதைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருந்தது.

எப்போது செய்யலாம்? வெயில், சாப்பாடு, டீ இதெல்லாம் பாதிக்குமா?

நிச்சயமாக. சாப்பிட்டதும் குடலுக்கு ரத்தம் கூடுதலாகப் போகும், நாடி கொஞ்சம் ஏறியிருக்கும், இரண்டு மணி நேரம் விடுங்கள். டீ, காபியும் அப்படித்தான். காலை முதல் பீரியடுக்கு முன்னால், நிழலான வராந்தாவில் செய்வது நல்லது.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெக்கையில் உடம்பு இரண்டு இடத்துக்கு ரத்தம் அனுப்ப வேண்டும், வேலை செய்யும் தசைக்கும், வெப்பத்தை வெளியேற்றும் தோலுக்கும். வியர்வையில் தண்ணீர் போகப் போக ரத்தத்தின் கன அளவு குறையும், ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறையும், அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். அதே படி, அதே வேகம், ஆனால் சித்திரை மத்தியானத்தில் நாடி கூடும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும், ஆனால் சொட்டிக் கீழே விழுந்த வியர்வை எதையும் கொண்டுபோகாது. ஐப்பசி மழைக்குப் பிறகு புழுக்கமாக இருக்கும் நாளில் வியர்த்துக் கொட்டியும் ஆறவே மாட்டேன் என்கிறதே, அதுதான் காரணம். ஆகவே ஒவ்வொரு நாளும் வெப்பநிலையையும் மழையா புழுக்கமா என்பதையும் நோட்டில் குறியுங்கள். வெயிலில் நிறுத்திச் செய்யும் சோதனையை மட்டும் யாரும் கையில் எடுக்க வேண்டாம். எண்ணைவிடப் பிள்ளை முக்கியம்.

யாரைச் சேர்க்கக் கூடாது? எப்போது நிறுத்த வேண்டும்?

ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, சமீபத்தில் டெங்கு போன்ற காய்ச்சல், கடுமையான ரத்தசோகை, கால் மூட்டு வலி, இதில் எது இருந்தாலும் படி ஏறச் சொல்லாதீர்கள். அவர்களுக்கு நேரம் பார்க்கும் வேலையும் எண்ணும் வேலையும் இருக்கிறது, இரண்டும் ஏறுவதைவிடக் கடினம். 'உனக்கு என்ன நோய்' என்று வகுப்பு நடுவில் கேட்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்துவிடுங்கள், என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று தமிழில் தெளிவாக எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள், பிள்ளையும் சம்மதிக்க வேண்டும். பெற்றோர் சரி என்று சொல்லிப் பிள்ளை தயங்கினால் பிள்ளை சொல்வதுதான் கணக்கு.

நெஞ்சு வலி, தலைசுற்றல், மூச்சில் விசில் சத்தம், கண் இருட்டுதல், குமட்டல், இதில் ஒன்று வந்தாலும் உடனே நிறுத்தி உட்காரவைத்து, கூட இருக்கும் பெரியவர்களிடம் சொல்லுங்கள். பி.டி. சாரோ ஆசிரியரோ இல்லாமல் செய்யவே கூடாது. பட்டியலில் பெயர் போடாமல் அ, ஆ, இ என்று குறியீடு போடுங்கள். எடையைச் சத்தமாக வாசிக்காதீர்கள். ஒரு பிள்ளை அதற்குப் பிறகு ஒரு வாரம் பள்ளிக்கே வராததைப் பார்த்தவள் சொல்கிறேன்.

220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவதுதான் அதிகபட்ச நாடி என்கிறார்களே?

அது தோராயம். 14 வயதுக்கு 206 வரும். ஆனால் ஒரே வயதில் ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து துடிப்பு கூடக் குறைய இருப்பது சாதாரணம். அதைத் தொடப் பார்ப்பது நம்ம சோதனைக்குத் தேவையும் இல்லை.

நாடி ஏன் ஏறுகிறது? நடுவர் கேட்டால் என்ன சொல்ல?

'ஆக்சிஜன் தேவை கூடுகிறது' என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான், ஆனால் பாதிக் கதை. இதயத்துக்குள் ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கிவைக்கும் சைனோ ஏட்ரியல் கணுவைச் சும்மா விட்டால் பெரியவர்களில் நிமிடத்துக்கு 100 தடவை போல அடிக்கும். வேகஸ் நரம்பு அதை இழுத்துப் பிடித்திருப்பதால்தான் ஓய்வில் 70, 80 என்று இருக்கிறது. நீங்கள் படியில் முதல் அடி வைத்ததும் அந்தப் பிடி தளர்கிறது, அதனால்தான் சில வினாடியிலேயே நாடி எகிறுகிறது. அதற்குப் பிறகு இதயத்தை வேகப்படுத்தும் பரிவு நரம்பும் அட்ரினலின் என்ற ஹார்மோனும் மேலே தள்ளுகின்றன. 'ரெடி' என்று சொன்னதுமே, ஏறுவதற்கு முன்னாலேயே, நாடி கூடுவதையும் பார்ப்பீர்கள், மூளை முன்கூட்டியே உத்தரவு போடுகிறது. ஓய்வில் ஒரு பெரியவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளும், கடும் பயிற்சியில் அது 20 லிட்டரைத் தாண்டும். ஓய்வில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைக்குப் போகும், கடும் பயிற்சியில் ஐந்தில் நாலு பங்கு தசைக்கே. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடத்தை இழுத்துவிட்டு வந்து நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள், இவ்வளவும் அந்தத் துடிப்பில் இருக்கிறது.

மூச்சை எப்படி எண்ணுவது? எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததும் மாறிவிடுகிறதே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். நர்சுகள் செய்வதைச் செய்யுங்கள்: நாடி எண்ணி முடித்த பிறகும் கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, தோளும் நெஞ்சும் ஏறி இறங்குவதை எண்ணுங்கள். சம்மதத் தாளில் மூச்சையும் எண்ணுவோம் என்று எழுதியிருக்க வேண்டும், எந்த வினாடியில் என்று மட்டும் சொல்ல வேண்டியதில்லை.

சுண்ணாம்பு நீரில் ஊதும் சோதனையைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். வெற்றிலைக்குப் போடும் நீற்றுச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, ஒரு இரவு தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வடித்தால் சுண்ணாம்பு நீர் தயார். நீற்றாத கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போடக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். ஸ்ட்ராவில் ஊத மட்டும் செய்யுங்கள், உறிஞ்சக் கூடாது, கண்ணில் படவும் கூடாது. பயிற்சிக்குப் பிறகு சீக்கிரம் பால்போல ஆகும். ஆனால் காரணத்தைத் தப்பாக எழுதாதீர்கள். வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே 4 சதவீதம் போல உண்டு, பயிற்சிக்குப் பிறகு அந்தச் சதவீதம் பெரிதாக மாறாது, மூச்சின் அளவுதான் பல மடங்கு கூடுகிறது. ஒரே அளவு பலூனில் மூச்சைப் பிடித்து, அதைச் சுண்ணாம்பு நீரில் விட்டுப் பார்த்தால் இந்த இரண்டையும் பிரித்துவிடலாம். இதைச் செய்துகாட்டிய குழு எனக்குத் தெரிந்து மிகக் குறைவு, நீங்கள் செய்யுங்கள்.

ஆறு வாரம் தினமும் பயிற்சி செய்து ஓய்வு நாடி குறைகிறதா என்று பார்க்கலாமா?

நல்ல கேள்வி, பொறுமை வேண்டும். தொடர்ந்து பயிற்சி செய்தால் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடும், ஓய்வில் துடிப்பு குறையும். காலையில் கண் விழித்ததும் பாயை விட்டு எழும்பாமல் படுத்தபடியே எண்ணுங்கள். இங்கே மட்டும் பயிற்சி செய்யாத இன்னொரு குழு கட்டாயம் வேண்டும், அவர்களும் தினமும் எண்ண வேண்டும்.

திசையன்விளைப் பக்கம் என் தாத்தா பனையேறுகிறார். அவர் நாடியை அளக்கலாமா?

தாத்தா சம்மதித்தால் தாராளமாக. பதநீர் இறக்கும் பருவத்தில் காலையிலும் மாலையிலும் மரம் மரமாக ஏறி இறங்குகிற ஒருவரின் ஓய்வு நாடியும், ஒரு மரம் ஏறி இறங்கிய பிறகு அது ஆறும் வேகமும் எழுதி வைக்க வேண்டிய செய்திதான். இதைச் சோதனை என்று சொல்லாமல் அவதானிப்பு என்று எழுதுங்கள். உங்களுக்காக அவர் கூடுதலாக ஒரு மரம்கூட ஏறக் கூடாது, அவர் வேலையின் நடுவே கீழே இறங்கியதும் எண்ணுங்கள். நீங்கள் ஏற முயற்சிக்கவே வேண்டாம்.

ஒரு எண் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். எங்கள் பிள்ளைகளிடம் ஒருமுறை ஒரு மாணவியின் ஓய்வு நாடி 116 என்று வந்தது, மற்றவர்களுக்கெல்லாம் 76, 80, 88. 'டீச்சர், இத எடுத்துருவோம்' என்று ரப்பரோடு நின்றார்கள். அவளை உட்காரவைத்துக் கேட்டேன். மேலப்பாளையத்திலிருந்து வருகிற பஸ் தாமதமாகி, பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளி வரைக்கும் ஓடி வந்து, பையை இறக்காமலே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் பத்து நிமிடம் உட்காரவைத்து எண்ணினோம், 84. அந்த 116 இன்னும் நோட்டில் இருக்கிறது, ஒரு கோடு போட்டு, படிக்க முடிகிற மாதிரி, பக்கத்தில் காரணத்தோடு. 'அளப்பதற்கு முன் பத்து நிமிடம் உட்கார வேண்டும்' என்ற விதியே அந்த எண்ணிலிருந்துதான் எங்களுக்குக் கிடைத்தது.

வரைபடம் எப்படி?

கிடை அச்சில் நேரம், குத்து அச்சில் நாடி, ஒவ்வொருவருக்கும் ஒரு மெல்லிய கோடு, சராசரிக்கு ஒரு தடித்த கோடு. 1, 2, 3, 5 நிமிடத்தில் அளந்திருந்தால் 3-க்கும் 5-க்கும் நடுவில் இரண்டு கட்டம் விட வேண்டும், நிறையப் பேர் ஒரே கட்டம் விட்டுக் கோட்டைச் செங்குத்தாக்கிவிடுகிறார்கள்.

வித்தியாசமே வரவில்லை. என்ன எழுதுவது?

வரவில்லை என்றே எழுதுங்கள். 'பன்னிரண்டு பேரில் ஏழு பேருக்கு ஃபேன் நாளில் சீக்கிரம் இறங்கியது, ஐந்து பேருக்கு இல்லை, எங்கள் எண்ணும் பிழையே 4 துடிப்பு வரை இருக்கலாம் என்பதால் இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது' என்பது மாதிரி. நடுவராக உட்காரும்போது இப்படி ஒரு வாக்கியத்தைப் பார்த்தால் எனக்கு அந்தப் பிள்ளைகளிடம் இன்னும் பத்து நிமிடம் பேசத் தோன்றும்.

கண்காட்சிக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

சார்ட் ஒன்று போதும், தெர்மாகோல் இதயம் தேவையில்லை. படியைக் கொண்டுபோங்கள், பார்க்க வருபவரையே ஒரு நிமிடம் ஏறச் சொல்லி நாடி எண்ணிக் காட்டுங்கள், அதற்கு முன்னால் அவருக்கு உடம்பு சௌகரியமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வராந்தாவில் உட்கார்ந்து எழுதிய அந்தக் கசங்கிப்போன முதல் நோட்டு, வியர்வை பட்டு மை கலைந்திருந்தாலும் பரவாயில்லை, பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் மறைத்துவிட்டு மேசைமேல் திறந்து வையுங்கள்.